மாப்பும் கையெழுத்தும்

மூட்டுவலிக்கு நான் குடித்த குளிசையால் என் சிறுநீரகம் பழுதானது. பிறகு அந்தக் குளிசையையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இறக்குமதி செய்த கம்பனிமீது நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன்.

ஒருநாள் கம்பனி ஆள் ஒருவர் பழங்களோடு மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். “ராத்தா, அல்லாஹ்வுக்காக மாப்புத் தாங்க” என்றார். மன்னிப்புக் கேட்டு வாசலுக்கு வந்தவரை வெறுமனே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

“தந்தன் தம்பி” என்றேன்.

அதற்கொரு கையெழுத்தும் கேட்டார். நீட்டிய தாளை வாசிக்காமலே போட்டுக் கொடுத்தேன். வழக்கைக் கைவிடுவதாக அதில் எழுதியிருந்ததை என் சட்டத்தரணி சொல்லித்தான் அறிந்தேன்.

நீதிமன்றத்தில் கம்பனியின் சட்டத்தரணி அந்தத் தாளைக் காட்டி, “நீங்கள் மன்னித்துவிட்டீர்கள்தானே?” என்று கேட்டார்.

“ஓம். மாப்புக் குடுத்தது நான். என்ட கிட்னி இன்னும் மாப்புக் குடுக்கல்ல.”

வாசிக்காமல் போட்ட கையெழுத்து செல்லாது என்று என் சட்டத்தரணி வாதாட, வழக்கு நடக்கிறது. இப்போதும் யார் மாப்புக் கேட்டாலும் கொடுக்கிறேன், வாயால் மட்டும்.