உறையை விட்டு எடுத்த காசுகள்

செய்தி வந்தபோது நான் கப்பல்துறையில் ஒரு லொறித் தராசுக்குக் கீழே, குழிக்குள் நின்றேன். கையெல்லாம் கிறீஸ். நமது நாணய வட்டத்தின் செயலாளர் தேவா அண்ணையின் குரல் பதிவு: “ரமீஸ் நானா மௌத்தாயிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கெதியா வா.” வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டும் வரை அழுதேன். இப்போது யோசித்தால் அந்த அழுகையைத் திருப்பி வாங்கலாம் போல இருக்கிறது.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். “நல்லதாய் எழுது” என்றார் தேவா அண்ணை. நல்லதையும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன். மற்றதை எழுதச் சொன்னது நானாவின் மனைவி.

நான் சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் தராசுகளைச் சரிபார்க்கிறவன். நானாவின் கடைத் தராசு பழுதென்று போய்த்தான் அவரை அறிந்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுக்கிற கடை. கப்பற்காரர் தங்கள் நாட்டு நினைவு நாணயங்களைக் கொண்டுவந்து அவருக்கு விற்பார்கள். அன்று மேசையில் ஒரு தங்கக் காசு, வட்டப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. திறக்கப் போனேன். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது.

“தம்பி, இதுட முகத்துல உங்கட விரல் பட்டா நூறு வருஷத்துக்கு உங்கட விரல்தான் இரிக்கும். காசு இரிக்காது.”

முன்பின் தெரியாத ஆளை அடிக்கிறாரே என்று கோபம் வந்தது. ஆனால் அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கே வட்டத்தின் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அவர் அடிக்கடி சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும்: “செலவழிக்கிற காசு எல்லாருட்டயும் இரிக்கி. செலவழிக்க மனம் வராத காசு எத்தன பேருட்ட இரிக்கி?” நான் அதை நம்பினேன். நம்பினதால்தான் இவ்வளவு கதை.

அவருடைய வெள்ளிக் காசு வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. இந்த நாட்டு வெளியீடு ஒன்று, அவருக்கு அதுவரை அகப்படாதது. அது என்னிடம் இருந்தது. முதற் சம்பளத்தில் வாங்கினது. விளிம்பில் பால் தெறித்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு, அதனால் வாங்கக் கூடிய விலைக்கு வந்தது. என்னிடம் இருந்த உருப்படியான காசு அது ஒன்றுதான். உங்கள் எல்லோருக்கும் முன்னால்தான் கொடுத்தேன். விலை பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வரிசையைப் பிரிக்கக் கூடாது, ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுதாய்க் காட்ட வேண்டும். நானா எழும்பி என் இரண்டு கையையும் பிடித்தார். “பிரிச்சா என்னக் கேளுங்க” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். “தம்பி, எல்லாத்தயும் ஒருக்கா நிறுத்துப் பாத்து, எத்தன பங்கு சுத்தமெண்டு எழுதித் தாங்க. பட்டியல் ஒண்டு போடோணும்.” என்னுடைய நுண்தராசைக் கொண்டுபோனேன். காற்றில் ஒரு நிறை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு நிறை. இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் உலோகத்தின் சுத்தம் தெரியும். காசுகளை உறையிலிருந்து எடுத்தால்தான் ஏலும் என்றேன்.

“எடுங்க” என்றார்.

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தொடப்போனதுக்கே அடித்த மனிசன், கண்ணாடி போல் மெருகிட்ட காசுகளை நான் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்க, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டையோ வருடத்தையோ அவர் எழுதச் சொல்லவேயில்லை. எந்தச் சேகரிப்பாளன் அப்படிப் பட்டியல் போடுவான்? ஆனால் எனக்கு என் தராசின் திருத்தம்தான் பெரிதாகப் பட்டது. மூன்று தசமம் வரை எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன்.

அடுத்த வருடம் நானா வீட்டுக்கு மேல்மாடி கட்டினார். பிறகு கூட்டங்கள் அங்கேதான் நடந்தன. குடாக் காற்று, புதுக் கதிரைகள், நானாவின் மனைவி, நம் ராத்தா, கொடுத்தனுப்பும் வட்டிலாப்பம். ஒருநாள் யானை பொறித்த ஒரு தங்கக் காசைப் பற்றி நானா நெடுநேரம் கதைத்தார். யானையின் கண்மடிப்பில் எத்தனை கோடு என்று கூடச் சொன்னார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். “ஒருக்காக் காட்டுங்கோவன் நானா” என்று தேவா அண்ணை கேட்டார். “எல்லாம் பேங்க் லொக்கர்ல. கண்காட்சிக்கு எடுப்பம்.”

அவர் போன பிறகு அந்தக் கண்காட்சியை அவர் பெயரிலேயே செய்வதென்று தீர்மானித்தோம். காசுகளைப் பெற்றுவர என்னை அனுப்பினீர்கள். ராத்தா கணவனுக்கான இத்தாத் துக்க நாட்களில் இருந்ததால் திரைக்குப் பின்னால் இருந்தே கதைத்தார். மகன் அலுமாரியைத் திறந்தான். உள்ளே வெறும் உறைகள், அடுக்கடுக்காக. மேலே என் தாள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரி அடையாளத்தோடு.

“அதெல்லாம் இல்ல தம்பி” என்றது திரை. “மேல்மாடியாப் போச்சி. தங்க விலை இதுக்கு மேல ஏறாதெண்டு சொல்லித்தான் உருக்கக் குடுத்தாரு. அடுத்த மாசமும் ஏறிச்சி. அந்தக் கவலயில ஒரு கிழம ஒழுங்காத் தின்னல்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, உதைக்க வேண்டும் போலவும் வந்தது. நாங்கள் இருந்து காசுக் கதை கேட்ட அறையே அந்தக் காசுகள்தான். அவர் களவெடுக்கவில்லை. சொந்தக் காசை உருக்க அவருக்கு உரிமை இருந்தது. “ஆசை விட்டுப் போச்சு, உருக்கிட்டன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை பிடித்துவிட்டு அடுத்த போயாவுக்கும் வந்திருப்போம். அதற்குப் பதிலாக எங்களை உட்கார வைத்து, இல்லாத யானைக்குக் கோடு எண்ணிக் காட்டினார். அதைத்தான் என்னால் தாங்க ஏலாது.

“எழுதிருங்க தம்பி” என்றார் ராத்தா. “காசு பாக்க வாற ஆக்களுக்குத் தினமும் பொய் சொல்ல எனக்கு ஏலா.”

உருக்கிய பத்தரின் பட்டறை நகரத்தில் இருக்கிறது. அங்கேயும் போனேன். என் பெயரைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

“தாள் எழுதின தம்பி நீங்களோ? திருத்தமான தாள். எனக்கு உரைச்சுப் பாக்கிற வேலையே இருக்கேல்ல.”

என் வேலைக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: “விளிம்பில வெள்ளைப் பொட்டு வைச்ச வெள்ளிக் காசு ஒண்டு?”

“ஓம், அது. அதை மட்டும் எடுத்து மேசையில தனியா வைச்சவர். தம்பி ஒராள் தந்தது எண்டவர். அப்ப கொண்டு போங்கோ நானா, ஒரு காசில என்ன வந்திடப் போகுது எண்டு நான் சொன்னனான். தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் அதைப் பாத்துக்கொண்டே இருந்தவர். பிறகு தானே குறட்டால தூக்கி, உருக்கிற மூசைக்குள்ள விட்டவர்.”

மறதியாய் மற்றவையோடு சேர்த்துப் போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்ற நினைப்போடுதான் பட்டறைக்கே போனேன்.

நீங்கள் ஒவ்வொருவரும் நானாவிடமிருந்து ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தேத்தண்ணி நேரம். ஒரு கோப்பை முடியும் வரை என்னை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நினைத்த பிறகுதான் போட்டிருக்கிறார்.