பாத்திமுத்து காத்த கிணறு

சாக்கோட்டைப் பாதையில் ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் பாத்திமுத்து பதினெட்டு வருஷமாகக் குடல் அலசிக்கொண்டிருந்தாள். புருஷன் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவன். ரத்தமும் கொழுப்புமாக அவள் கொட்டும் தண்ணீர் பின்னாலுள்ள பள்ளத்தில் தேங்கும். காற்று திரும்பினால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் தெருக்காரர்கள் மனு எழுதிப் போட்டார்கள். ஆட்டுத்தொட்டியை மூடிவிடுவார்களோ என்று அவள் பயந்திருக்க, நகராட்சி ஓவர்சியர் ஏகப்பன் வந்து வட்டமாக ஒரு கிணறு கட்டினார். கழிவுத் தண்ணீரை அதில் விட்டு, மேலே இரும்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்.

"காத்துப் படாம மூடி வச்சா, கண்ணுக்குத் தெரியாத உசிருக இந்த அழுக்கத் தின்னுபுட்டு எரியிற வாயுவா விட்ரும், ராவுத்தரம்மா" என்றார்.

வாயு சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டிய தொப்பி மூன்று மாதமாகியும் அசையவில்லை. நாற்றம்தான் கூடியது. இடித்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தோடு சோர்ந்து உட்கார்ந்திருந்த ஏகப்பனிடம் அவள் கேட்டாள்:

"அந்த உசிருக எங்குட்டுத் தம்பி இருக்கும்?"

"சாணியில இருக்கும்னு ரெண்டு கூடை போட்டேன். எல்லாம் புளிச்சுப்போச்சு."

"ஆட்ட அறுத்து ஒரு மணி நேரமானாலும், இரைப்பையில மென்ன தழை சூடா நுரைச்சுக்கிட்டுத்தேன் கெடக்கு. ஆடு செத்தாலும் அது சாகல. அத ஊத்திப் பாப்பீகளா?"

ஏகப்பன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

தினமும் இளஞ்சூடு ஆறுமுன் இரைப்பையை வழித்து அவளே ஊற்றினாள். கொழுப்பைத் தனியே ஒதுக்கினாள். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டாள். இருபத்தேழாம் நாள் காலையில் தொப்பி நான்கு விரற்கடை மேலே வந்திருந்தது.

ஏகப்பன் குழாயைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். புகையில்லாமல், கரியில்லாமல், நீலமாக ஒரு சுடர் நின்றது. பாத்திமுத்து உள்ளங்கையை அருகே கொண்டுபோனாள். நிஜமாகவே சுட்டது. இத்தனை வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டியதற்குள் இப்படியொன்று இருந்திருக்கிறதே என்று நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மெல்ல முட்டிபோட்டு இரும்பில் காதை வைத்தாள். உள்ளே மழை பிடித்ததுபோல் ஓயாத குமிழிச் சத்தம்.

"எம்புட்டுப் பேரு தம்பி இருப்பாக உள்ள?"

"எண்ண முடியாதும்மா."

அதன்பின் கிணற்றைப் பார்த்துக்கொள்வதே அவள் வேலையானது. ஆட்டுத் தலை, கால் வாட்ட அந்த வாயுவே போதுமென்றாகி, விறகு வாங்குவது நின்றது. கிணற்றிலிருந்து வழிந்த தண்ணீரில் தெருக்காரர்களே வாழை போட்டார்கள். எழுபத்தாறாம் வருஷம் முழங்கால் மடக்க முடியாமல் போகும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் பேசினால் கையமர்த்துவாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா. உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்காக."