துரை கடிதம் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள்

தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த அப்பாவுக்கு வந்த சேமநிதிப் பணத்தை, டவுனில் இருந்த பேங்க், அதே பெயருள்ள வேறு யாருடைய கணக்கிலோ போட்டுவிட்டது. அது எழுபதுகளின் கடைசி.

அந்தப் பணத்தில் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு பலகை வீடு வாங்குவதாக இருந்தோம். தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வேலையில் இருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் இடம். அப்பா நின்றதும் நான் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டேன். பணம் கிடைத்ததும் தாப்பாவில் அத்தை வீட்டில் தங்கித் தையல் கற்றுக்கொள்வேன், கடை போடுவேன். அதுவரைக்கும்தானே என்று மலையேறினேன்.

எங்கள் தோட்டத்தில் எதுவானாலும் முதலில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லவேண்டும், அவர் மேனேஜர் துரையிடம் சொல்லுவார். அவர்களைத் தாண்டி வெளியே போகிறவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். அப்பாவும் கிராணியிடம்தான் போனார்.

"பேங்க்ல போய் சத்தம் போட்டா காரியம் கெட்டுடும்லா. துரை கடுதாசி எழுதுவாரு. பேசாம இரு."

துரை எழுதத்தான் செய்தார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அப்பா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். பிறகு அந்தத் துரை மாறிப் போனார். புதுத் துரையிடம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அவரும் எழுதினார், அதே பதில் வந்தது. தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா ஆபீஸ் வாசலில் நிற்பதைத் தேயிலைக் காட்டிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு வக்கீலப் பாக்கலாம்பா."

"துரை எழுதிக்கிட்டு இருக்கறப்ப வக்கீல்கிட்ட போனா, அவர நம்பலேன்னு ஆயிடாதா?"

கடைசியில் தோட்டப் பள்ளி வாத்தியார் திட்டித்தான் ஈப்போவுக்கு பஸ் ஏறினோம். வக்கீல் தமிழர். எல்லாக் கடிதத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"ஆறு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும்யா. போன தீபாவளிக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா வழி இருந்துச்சு."

"நாங்க சும்மா இருக்கலீங்க. துரை எழுதிக்கிட்டேதான் இருந்தாரு," என்றார் அப்பா.

"கடுதாசி எழுதினா கெடு நிக்காதுய்யா, கோர்ட்டுல போட்டாத்தான் நிக்கும். பணம் தரணும்னு பேங்க் ஒத்துக்கிட்டு ஒரு வரி எழுதியிருந்தாக்கூட ஆறு வருஷக் கணக்கு புதுசா ஆரம்பிச்சிருக்கும். அவங்க ஜாக்கிரதையா எழுதியிருக்காங்க."

அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்ப, அந்த ஆறு வருஷத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி துரைய ஒரு கடுதாசி எழுதச் சொல்லலாங்களா?"

வக்கீல் சிரித்திருந்தால் அவர்மீதாவது கோபப்பட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. ஃபீஸும் வாங்கவில்லை. அதிலேயே எல்லாம் முடிந்துபோனது எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பும்போது ரிங்லெட்டில் பஸ் நின்றது. நாங்கள் பார்த்துவைத்திருந்த வீட்டின் வாசலில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மனம் அப்படி வறண்டு கிடந்தது.

மறுநாள் விடிவதற்குமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க எழுந்தேன். அப்பா எனக்கு முன்பே எழுந்து, அடுப்பு வெளிச்சத்தில் என் கூடையின் இற்றுப்போன பட்டையைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"இரட்டை நூலாப் போட்டிருக்கேன். இன்னும் ரொம்ப வருஷம் தாங்கணும்லா," என்றார்.