எழுதாமல் விட்ட வழி

எங்கள் வயலுக்கு இப்போது கேட் இருக்கிறது. ‘எங்கள் வயல்’ என்று எழுதுவதே தப்பு. விற்று மூன்று வருடம் ஆகப்போகிறது, வாய்தான் இன்னும் பழகவில்லை. மாயவரத்திலிருந்து வரும் பஸ்ஸில் “கேம்ப் ஸ்டாப் ஒண்ணு” என்று யாரோ டிக்கெட் கேட்டபோது, நம் ஊர் வழியில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் களத்துமேட்டில்தான் நின்றது.

கேட்டில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது, ஆடு மாடு மேய்க்கக் கூடாது, கூடாரம் அடிக்கக் கூடாது, மீறினால் சட்டப்படி நடவடிக்கை. கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஏழு கூடாரம் நிற்கிறது, சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறவர்களுக்காக. படித்தவுடன் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு எதுவுமே அதனதன் நேரத்துக்கு வருவதில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் அழுதபோது நான் பந்தியில் மோர் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

நிலம் மூன்று மா, ஏக்கர் கணக்கில் ஒன்று. ரோட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நீளவாக்கில் ஓடும். கரைக்குக் கீழே படுகை, அதற்கும் கீழே ஆறு. மேற்கு வரப்பு வண்டி போகிற அகலம். மாடு குளிப்பாட்டப் போகிறவர்கள், புல் அறுக்கப் போகிறவர்கள், ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. நாங்கள் யாரையும் தடுத்ததில்லை. தடுக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்தால் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடைக்காரர்கள் வருவார்கள். நானூறு ஐந்நூறு செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, அறுத்த வயல்களில் ராத்திரிக்கு அடைத்துப் போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்பார் என் வீட்டுக்காரர், அதைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி. கிடைக்காரர்கள் வயலிலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பங்குனி முடியக் குடித்தனம் நடத்துவார்கள். எங்கள் வயலுக்கு வருடா வருடம் ஒரே குடும்பம்தான் வரும், ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

ஒரு மாசியில் அந்தப் பெண் நிறைமாதமாக வந்தாள். நான் திட்டினேன். “ஆடு நிக்காதேக்கா, நான் மட்டும் எப்படி ஊர்ல நிக்கிறது” என்றாள். மாயவரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தார்ப்பாய்க்குத் திரும்பிய ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இறந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு எந்தச் சுடுகாட்டில் இடம் விடுவது என்று ஊரில் நாலு பேர் இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் பேச்சை வளர்க்கவில்லை. படுகையில் ஒரு புங்கமரம் நிற்கும், அதனடியில் அவரே மண்வெட்டி பிடித்துத் தோண்டினார்.

“எப்ப வேணா வாங்க தம்பி. நம்ம வழி, யாரு கேக்கப்போறா?” என்று அந்த மனுஷனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர்கள் வரும் ஒவ்வொரு மாசியிலும், ஆடுகளை மடக்குவதற்கு முன்னால் அவள் ஒரு செம்பில் பாலை எடுத்துக்கொண்டு மேற்கு வரப்பில் தனியாகப் போவாள். கால் மணி நேரத்தில் வெறும் செம்போடு திரும்பி வந்து உலை வைப்பாள். நான் மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்திருக்கிறேன், கூடப் போனதில்லை.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவள் நான். ஒரு டி.சி.யில் அங்க அடையாளம் ஒன்று விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவேன். “எழுத்துல இருந்தாத்தான் இருக்கு” என்று எத்தனை பெற்றோரை விரட்டியிருக்கிறேன்! அப்படிப்பட்டவள் என் சொந்தப் பத்திரத்துக்கு என்ன செய்தேன் என்று பாருங்கள்.

அவர் போய் ஆறு மாதத்தில் நிலத்தை விற்றேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், வயலைப் பார்க்க ஆள் இல்லை. வாங்கியவர் மாயவரத்தில் கடை வைத்திருப்பவர், எங்களுக்கு இருபது வருடப் பழக்கம், காரியத்தன்று நாற்காலி எடுத்துப் போட்டவர். பத்திரம் எழுதுகிற இடத்தில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் நான்கெல்லை எல்லாம் வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஆத்துக்குப் போற வழி ஒண்ணு சொன்னீங்களேம்மா. மாமூல் வழிநடைப் பாத்தியம்னு ஒரு வரி சேத்துடவா? நாளைக்கு யாரு கைக்குப் போனாலும் நடக்கலாம்.”

சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே அந்த மனுஷர் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே அதை எழுதச் சொல்வது, உன்னை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

“அதெல்லாம் வேணாம் சார். நம்ம மனுஷங்கதானே” என்றேன்.

எதிரே இருந்தவர் சிரித்தார். “நீங்க நடந்தா நான் வேலியா போடப்போறேன்?” என்றார். பாவம், அவர் வேலி போடவில்லை. ஒரு வருடத்துக்குள் மகள் கல்யாணம் வந்தது, சென்னைக்காரர்களுக்கு விற்றுவிட்டார். வேலி அவர்கள் போட்டது. என் பத்திரத்தில் இல்லாத வரி அவர் பத்திரத்தில் எங்கிருந்து வரும்?

கிராம அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். புலப்படத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் எங்கள் வரப்பு ஒரு கோடாகக்கூட இல்லை. “எல்லாரும் நடந்தாங்கங்கிறீங்க, சரிம்மா. எதுலயாவது எழுதியிருக்கா?” என்றார் அங்கிருந்தவர். நானே என்னிடம் பேசுவது போல இருந்தது. படுகை புறம்போக்குதானே, வேலியை அதுவரை எப்படி இறக்கினார்கள் என்று கேட்டதற்கு, மனு எழுதிக் கொடுங்கள், அளந்து பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீதும் வைத்திருக்கிறேன்.

வேலி போட்ட பிறகு வந்த மாசியில் கிடை எங்கள் ஊருக்கு வரவில்லை. முக்கால்வாசி வயலில் உளுந்து தெளித்திருந்தார்கள், மீதியில் மனைக்கல் நட்டிருந்தார்கள். கிடைக்காரர்கள் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு தரிசில் ஆடுகளை அடைத்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை அவள் மட்டும் பஸ் மாறி மாறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதில் பால்.

“வயலுக்குப் போனேன்க்கா. கேட்டுல விட மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்க” என்றாள்.

நிலத்தை விற்றது அவளுக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

கேட்டில் இருந்த மேனேஜர் பையன் மரியாதையானவன். நாற்காலிகூடப் போட்டான். “ப்ரைவேட் ப்ராப்பர்டி மேடம். டே விசிட்னா புக் பண்ணிட்டு வாங்க, தாராளமா சுத்திப் பாருங்க. பூஜை அது இதுன்னு எதுவும் பண்ணக்கூடாது, கெஸ்ட் எல்லாம் பயப்படுவாங்க” என்றான். இது நாங்கள் உழுத நிலம் என்றேன். “அப்படிங்களா, சூப்பர் மேடம்” என்றான்.

என்ன காரியமாக வந்தோம் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. உள்ளே ஒரு குழந்தை புதைந்திருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அவளுக்கும் அதே பயம் என்று நினைக்கிறேன். மரத்தடியில் ஒரு நேர்த்திக்கடன் என்று ஏதோ முணுமுணுத்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்த போனை எடுத்துப் பேச ஆரம்பித்தான்.

“ஆத்துல தண்ணி இல்லல்லக்கா? கீழ வழியா போவோமா?” என்றாள்.

பாலத்தடியில் இறங்கி ஆற்று மணலில் நடந்தோம். மாசி வெயில்தான், ஆனாலும் மணல் சுட்டது. அவள் விடுவிடுவென்று முன்னால் போனாள். எனக்கு முட்டி வலித்தது, அதைத் தவிர உடம்பில் எந்த உணர்ச்சியும் இல்லை. கருவேலங்காட்டை விலக்கிப் படுகை மேட்டில் ஏறினோம். வேலி அங்கேயும் இருந்தது. கம்பி வலை, ஆள் உயரத்துக்கு.

புங்கமரம் இல்லை. அங்கே பலகை அடித்து ஒரு மேடை கட்டி, ஆற்றைப் பார்த்தபடி நாலு பிரம்பு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் இல்லை. அவள் வலையைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் பார்த்தாள். பிறகு ஒரு பக்கம் கை காட்டி, “இங்கன இருக்குமாக்கா?” என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அவள் கூடப் போயிருந்தால் தெரிந்திருக்கும். இருக்கும் என்றேன்.

பாட்டிலின் வாயை வலைக் கண்ணில் வைத்துச் சாய்த்தாள். படுகை ஆற்றை நோக்கிச் சரிவு. ஊற்றிய பால் உள்ளே போகாமல் கம்பிக்கு அடியில் திரும்பி எங்கள் காலடிக்கே வந்தது. அவள் கையால் அதைத் தள்ளிப் பார்த்தாள். நானும் உட்கார்ந்து தள்ளினேன். மண் குடித்தது போக மிச்சம் கீழே ஓடிவிட்டது.

“உங்க இடத்தையே உங்களுக்கு இல்லாம அடைச்சுட்டாங்களேக்கா” என்றாள். என்மேல் இரக்கப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அவங்க மட்டும் அடைக்கலை. வித்தப்ப, வழிக்கு ஒரு வரி எழுதவான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்.”

அவள் கோபப்படவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “எதுக்குக்கா வேணாம்னீங்க?”

“வாங்குறவரு எதுத்தாப்ல உக்காந்திருந்தாரு.”

அவள் பாட்டிலை மூடிப் பையில் போட்டாள். “ஆமா, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது” என்றாள். திட்டியிருந்தால் அன்றைக்காவது அழுதிருப்பேன்.

மணலிலேயே நடந்து பாலத்துக்குத் திரும்பினோம். கீழ்வேளூர்ப் பக்கம் போகிற பஸ் வந்ததும் ஏறப் போனவள் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்க இனிமே இந்தப் பக்கம் வருவோமோ என்னமோ. நீங்க படிச்சவங்க, பணம் கட்டிப் போனா உள்ள விடுவாங்கல்ல? வருஷத்துக்கு ஒருக்கா நீங்க போயி ஊத்திருங்கக்கா. மறந்துற மாட்டீங்கல்ல?”

மாட்டேன் என்றேன். அதையும் வாயால்தான் சொன்னேன்.