எண்ணெய் தொட்ட வில்

காலை ஆறு பத்து. வயலின் டீச்சர் வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடிச் சிறிய செருப்பு. சிவப்பு வார், என் காலைவிட ஒரு விரற்கடை குறைவு. பக்கத்தில் ஒரு பெண்மணியின் செருப்பு. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கும் எனக்கும் முன்பே ஒரு தாயும் மகளும் வந்துவிட்டார்கள்.

டீச்சரிடம் காலியாக இருந்தது ஒரே இடம், சனிக்கிழமை ஆறு மணிப் பாடம். விஜயதசமி காலையில் வாசித்துக் காட்டும் குழந்தைகளில் ஒன்றுக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அதுவரை எதிர்வீட்டில் குடியிருந்த, மாதா கோயிலில் வயலின் வாசிக்கும் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். வேலை மாற்றலாகிப் போகும்போது ராயபுரத்திலேயே இருக்கும் இந்த டீச்சரின் விலாசத்தை நைனாவிடம் கொடுத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் நின்றுகொண்டு வாசிப்பவர். டீச்சரோ உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி வாசிக்கச் சொல்பவர் என்பதால், ஒரு வாரமாக வீட்டில் தரையில் உட்கார்ந்து பழகியிருந்தேன்.

என் பயம் உட்காருவதைப் பற்றி அல்ல. நைனா தோளில் சாய்த்துக்கொண்டிருந்த துண்டு மூட்டைக்குள் இருந்த வில்லைப் பற்றியது.

நைனா துறைமுகத்தில் கிரேனுக்கு எண்ணெய் போடுபவர். முந்தின நாள் ஆயுத பூஜை. வீட்டில் இருந்த ஸ்பானர், சுத்தி, ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, மணையில் வரிசையாக வைத்தார். காய்ந்த ஆயுதத்தைப் பூஜையில் வைக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். கடைசியாக வயலினை எடுத்தார். மெஷின் எண்ணெய் அதற்கு மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார். மரத்தைத் துடைத்தார். பிறகு வில்லை எடுத்து, அதில் கட்டியிருந்த குதிரைமுடியின் மேல் எண்ணெய்த் துணியை மேலிருந்து கீழாக இரண்டு முறை ஓட்டினார். சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

வில்லின் முடியைக் கையால்கூடத் தொடக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் மூன்றடி தூரத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது என்பதால், இழுத்துப் பார்க்கவும் வழியில்லை.

உள்ளே அந்தச் சிறுமி வாசித்துக்கொண்டிருந்தாள். வில் கீச்சிட்டது, சுரம் இரண்டு இடத்தில் தவறியது. ஆனால் சத்தம் வந்தது. அவள் அம்மா பட்டுப்புடவையில் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கீச்சுக்கும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்.

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். பெண்கள் பள்ளியில் பாட்டு சொல்லித் தருபவர். "போதும். அடுத்தது நீ. ஷட்ஜம் மட்டும். நீளமா ஒரு இழுப்பு" என்றார்.

உட்கார்ந்தேன். வயலின் தலை கணுக்காலில் சரியாகவே நின்றது. வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மீண்டும் இழுத்தேன். வில், ஈரத் தரையில் கால் வழுக்குவதுபோல் தந்தியின் மேல் போய்வந்தது.

"நல்லா இஸ்து வுடும்மா. பயப்படாத" என்றார் நைனா, வாசற்படியிலிருந்து.

அழுத்தி இழுத்தேன். துணி உரசுகிற சத்தம் வந்தது.

"வயலினுக்குத் தொண்டை கட்டிடுச்சு போல" என்றார் அந்தச் சிறுமியின் அம்மா.

டீச்சர் வில்லை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு முகர்ந்தார்.

"தேங்காய் எண்ணெய். யார் தடவினது?"

"நான்தாம்மா" என்றார் நைனா. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "காஞ்சி கெடந்துச்சு. நம்ம கையில ஒரு சாமானும் காஞ்சி கெடக்காது."

"தீபாவளி வர்றதுக்குள்ள எண்ணெய்க் குளியலா?" என்று அந்த அம்மா சிரித்தார். சிறுமியும் சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "கிரேனுக்கு எதுக்கு எண்ணெய் போடுவீங்க?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? எண்ணெ போட்டா தேயாது. கொஞ்சங்கூட சத்தமே..."

நைனா அங்கே நிறுத்திக்கொண்டார். அவர் கண் வில்லுக்குப் போனது. பிறகு என் பக்கம் வந்தது.

அடுத்து அவர் செய்தது, உள்ளே இரண்டடி வந்து, தோள் துண்டின் நுனியை எடுத்து, டீச்சர் கையிலிருந்த வில்லைத் துடைக்கப் போனது. அந்தத் துண்டில் வேலைத்தள எண்ணெய்க் கறை இருந்தது.

"நைனா, முடியத் தொடாத!"

நான் கத்தியது எனக்கே பெரிதாகக் கேட்டது. நைனா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் என்னிடம் திரும்பினார். "தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் எண்ணெய் தடவினதைப் பார்த்தியா?"

"பாத்தேன்."

"அப்போ ஏன் சொல்லலை?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நைனா பூஜை பண்ணிகினு இருந்தாரு" என்றேன்.

 டீச்சர் தன் பெட்டியைத் திறந்து தன் வில்லை எடுத்தார். வில் தந்தியைப் பிடிப்பதற்கான ரோசின் பிசின் கட்டியை அதில் ஆறேழு முறை தேய்த்தார். வெள்ளைப் பொடி மடியில் உதிர்ந்தது. என்னிடம் நீட்டினார். அது என் கைக்குக் கனமாக இருந்தது.

இழுத்தேன். முதல் இழுப்பு நடுங்கியது. இரண்டாவது நுனி வரை நேராகப் போனது. அந்தச் சிறுமியின் அம்மா கைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"இன்னொரு தடவை. பஞ்சமம்" என்றார் டீச்சர். அதையும் வாசித்தேன். தன் வில்லைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொக்கியைப் போட்டார்.

"டீச்சர், நாங்கதான் முதல்ல வந்தது" என்றார் அந்த அம்மா.

"தெரியும்மா." டீச்சர் நைனாவைப் பார்த்துப் பேசினார். "குழந்தைக்குக் கை இருக்கு. ஆனா வில் இல்லை. இன்னைக்குத் தொடங்கறவங்களுக்குத்தான் இந்த இடம். முடி மாத்திக் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்."

"சோப்பு போட்டு கழுவுனா போவாதா டீச்சர்?"

"போகாது."

சனிக்கிழமை ஆறு மணி அந்தச் சிறுமிக்குப் போனது. அவள் அம்மா எனக்கும் கற்கண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.  திரும்பும் வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி முழுதும் போகும் வரை நின்றோம். "நேத்தே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றார் நைனா. வண்டிச் சத்தத்தில் கேட்காததுபோல் நின்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வில்லுக்கு வெள்ளைக் குதிரையின் வால்முடி வேண்டும்; அங்கே அப்படிப்பட்ட குதிரை இரண்டுதான். ஒரு ஜட்காக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாபா, என் குதிரைய மொட்ட அடிக்கப் பாக்கறியா?" என்றார். பிறகு கத்திரியை எடுத்து வாலிலிருந்து ஒரு கொத்து நறுக்கினார். நைனா வேலையிலிருந்து வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தார். இருந்தும் அந்த முடியை அவர் தொடவில்லை. செய்தித்தாளை விரித்துப் பிடித்து, அதில் வைக்கச் சொன்னார்.

வண்ணாரப்பேட்டையில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் ஒருவர் அதை வில்லில் கட்டித் தர ஒப்புக்கொண்டார். முதல் முறை கட்டியது தளர்ந்துவிட்டது; திரும்பக் கொண்டுபோனோம். இரண்டாம் முறை கட்டியதை டீச்சரிடம் கொண்டுபோனோம். அவர் வில்லை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். "எல்லா நாளும் ஆறு மணிக்கு ஆள் இருக்கு. வியாழக்கிழமை ஐந்தரைக்கு வர முடியுமா?" என்றார்.

என் முதல் பாடம் கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு. நைனா தெருமுனை வரை வந்து, வயலின் மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.