அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் நான் வைத்த படம்

1976ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம். மெல்பேணுக்கு நாங்கள் வந்து இரண்டாவது வருடம். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்குப் பெட்டிகளில் பிஸ்கட் அடுக்குகிற வேலை. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடி நின்றால் வாய் திறக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஒருநாள் துணிந்து இன்னொருவர் வீட்டுப் படியேறிச் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. சீனத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஹொங்கொங் வழியாக இங்கே வந்தவர். மற்றவர்கள் பாண் துண்டைக் கடிக்கும்போது நாங்கள் இருவரும் மட்டும் சோற்றுப் பெட்டியைத் திறப்போம். மேற்பார்வையாளர் அதைப் பார்த்து, "சோற்றுச் சங்கம் கூடிவிட்டதா?" என்று கேலி செய்வார். என் ஆங்கிலம் அரை, அவருடையது கால். மிச்சத்தைக் கையால் பேசுவோம். முதல் குளிர்காலத்தில் என் விரல்கள் விறைத்துப்போனபோது, தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டவர் அவர்.

சீனாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஊரில் சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது என்று அப்பா சொல்வார். மற்றது, தம்பி எங்கிருந்தோ கொண்டு வருகிற வழுவழுப்பான சீனத்துச் சஞ்சிகைகள். அந்தத் தாள்களைக் கிழித்து அவனுடைய பள்ளிப் புத்தகங்களுக்கு நான்தான் உறை போட்டுக் கொடுப்பேன். உழவு இயந்திரம் ஓட்டும் பெண்கள், கன்னம் சிவந்த பிள்ளைகள், நடுவில் சீனாவின் பெருந்தலைவர். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு பேர் சிரித்தால் அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன்.

அந்தத் தலைவர் இறந்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று விம்மி அழுதார்கள். மறுநாள் வேலைக்குப் போனால், பக்கத்தில் சிநேகிதியைக் காணவில்லை. பாவம், பெற்ற தகப்பனை இழந்ததுபோல இருக்கும் என்று என் மனம் உருகிப்போயிற்று. பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, செத்தவீடு. போகாமல் விடலாமே?"

"உமக்கென்ன விசரே? எங்கட பிரதமர் செத்தால் நீர் இருந்து அழுவீரோ?"

"அது வேற. இவையள் அவரைக் கும்பிடுற ஆக்கள். ரிவியில பாக்கேல்லையே?"

"பாத்தனான், பாத்தனான். எதுக்கும் அவவை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யும்."

நான் கேட்கவில்லை. பத்திரிகையில் வந்திருந்த தலைவரின் படத்தை அழகாக வெட்டி, வீட்டில் இருந்த ஒரு மரச் சட்டத்தில் கண்ணாடிக்குள் வைத்தேன். வெள்ளைச் செவ்வந்திப் பூவும் வாங்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு திகைத்துப்போனார். உள்ளே சுவரோரம் ஒரு மேசை. அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முதியவரின் படம். அதற்கு முன்னால் முழுதாக அவித்த கோழி, தோடம்பழங்கள், சின்னக் கிண்ணங்கள், புகையும் ஊதுபத்தி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைவருக்குப் படைத்திருக்கிறார், பாவம், வீட்டில் அவருடைய படம் இல்லாததால் யாரோ குடும்பப் பெரியவரின் படத்தை வைத்திருக்கிறார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று அவர் கையைப் பிடித்தேன். பையிலிருந்த படத்தை எடுத்து அந்த முதியவரின் படத்தோடு ஒட்டினாற்போல வைத்தேன். பூவையும் வைத்துக் கும்பிட்டேன். எனக்குக் கண்ணீர்கூட வந்தது.

அவர் இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார். செத்தவீட்டில் நாங்கள் வாய் நனைப்பதில்லை. கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தேன். போயிட்டு வாறன் என்று சொல்லுவதும் இல்லை. பேசாமல் எழுந்து நடந்தேன். வீட்டுக்கு வந்து தலைக்கு வார்த்துத் தோய்ந்துவிட்டுச் சாப்பிட்டபோது, நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தி எனக்கு.

அவர் வேலைக்குத் திரும்பியதும் சோற்றுப் பெட்டியோடு வேறு மேசைக்குப் போய்விட்டார். ஒரு கிழமை முழுவதும் அப்படித்தான். துக்கம் என்றே நான் எண்ணினேன். வெள்ளிக்கிழமை ஒரு காகிதப் பையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பைக்குள் என் சட்டம். கண்ணாடி பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. பத்திரிகைப் படம் நாலாக மடிக்கப்பட்டுத் தனியாக இருந்தது. கிழிக்கவில்லை.

தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். "மேசையில் இருந்தது என் அப்பா. பள்ளிக்கூட வாத்தியார். பத்து வருஷத்துக்கு முன், அவரிடம் படித்த பிள்ளைகளே அவர் தலையில் காகிதத் தொப்பி வைத்தார்கள். அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, முற்றத்தில் முழங்காலில் நிறுத்தினார்கள். மூன்று நாள். பிறகு, பள்ளிக்கூடக் கிணறு." கையை உயர்த்தி, மடிவரை விழவிட்டுக் காட்டினார்.

"அந்த மனிதர் போய்விட்டார் என்று அப்பாவுக்குச் சொல்லத்தான் லீவு எடுத்தேன். கோழி வைத்தேன். சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வந்தாய்."

உறை போட்ட தாள்களில் சிரித்த அந்தச் சிவந்த கன்னப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அந்த வயதுப் பிள்ளைகள்தானே தொப்பி வைத்திருப்பார்கள்? அவர் கேட்டார்: "நான் தேநீர் தந்தேன். நீ தள்ளிவிட்டாய். ஏன்?"

மற்றதையெல்லாம்விட அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. மணி அடித்தது. சட்டத்தைப் பையோடு எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் பழையபடி ஒன்றாகச் சாப்பிட்டோம். ஆனால் தன் ஊரைப் பற்றி அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் இலங்கையில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தம்பி அநுராதபுரத்தில் வேலையில் இருந்தான். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தொழிற்சாலையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அவர்தான். கையில் பூவும் இல்லை, படமும் இல்லை.

"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"தம்பி."

பெயரைக் கேட்டார். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அவன் யாருக்குப் பயப்படுகிறான்? அரசாங்கத்துக்கா, பக்கத்து வீட்டுக்கா?" என்றார்.

என் கணவர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இந்த நாட்டில் அதுவரை ஒருவரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் உடைந்து அழுதேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையை என் கையிலேயே தந்தார்.

பதினொரு நாளுக்குப் பிறகு, தம்பி லொறியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டான் என்று கடிதம் வந்தது. அதை முதலில் அவரிடம்தான் காட்டினேன்.

அந்தச் சட்டம் இப்போதும் வெறுமையாக அலுமாரியில் கிடக்கிறது. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆங்கிலம் போதாது என்று எனக்கே சாக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் என் வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விகளில் இருபது சொல்கூட இருக்காது; அவற்றில் ஒன்றையாவது நான் அவரிடம் முதலில் கேட்டிருந்தால் அவருடைய அப்பா அன்றைக்குத் தன் கோழியை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாரே என்று நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.