ஒரு வீச்சு, ஓர் அடி

ஆர்ச்சி டஃபஸுடன் இருபது பிப்ரவரிகள் டெவரன் ஆற்றில் தூண்டில் போட இறங்கியிருக்கிறேன். இருபது வருடமும் அந்த மனுஷன் என் உயிரை வாங்கியிருக்கிறார். எங்கள் ஊருக்கு முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்தவர். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்று பீற்றிக்கொள்வார். ஒன்றிரண்டு மாற்றிப் போட்டிருந்தால் அவரோடு பழகுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் தூண்டில் சங்கத்தின் மடுவில் ஒரே விதிதான். ஒரு வீச்சு வீசினால் ஓர் அடி கீழே நகர வேண்டும். விட்டு நகர்ந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. முன்னால் இருப்பவரைத் தாண்டவும் கூடாது. மடு முடிந்ததும் கரையேறி மேலே நடந்து வரிசையின் கடைசியில் இறங்க வேண்டும். பத்துப் பேர் நிற்கும் கோடையில் அது நியாயம். பல்லைக் கிட்டவைக்கும் குளிரில், ஆற்றில் நாங்கள் இரண்டே பேர் நிற்கும்போதும் ஆர்ச்சிக்கு அதே விதி.

போன வருடம் அவருக்கு எழுபத்துமூன்று வயது. மார்ச்சில் இடுப்பில் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருடத்தின் முதல் சால்மன் மீனைப் பிடித்தவர் பெயரைச் சங்கக் குடிசையில் உள்ள பலகையில் எழுதுவது வழக்கம். ஆர்ச்சியின் கையெழுத்து அழகு என்பதால் எழுதுவது அவர். முப்பது பெயர் எழுதியிருக்கிறார், தன் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை. அந்தக் கடைசி வருடமாவது அது வர வேண்டும் என்று அவரைவிட நான்தான் துடித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய அந்தப் பிப்ரவரி நாளில் காற்று, வீசிய தூண்டில் நரம்பை முகத்திலேயே திருப்பி அடித்தது. கோலின் வளையங்களில் பனி உறைந்து, நாலு வீச்சுக்கு ஒருமுறை வாயில் வைத்து உருக்க வேண்டியிருந்தது. அவர் முன்னால், நான் இருபது அடி பின்னால். கரையில் சாய்ந்து நின்ற ஒரு மரத்துக்கு நேரே அவர் கோல் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. மீன் கொக்கியில் கட்டியிருந்த பொய் ஈயை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தது. இன்னொரு முறை காட்டினால் கவ்வும்.

ஆர்ச்சி ஓர் அடி கீழே நகர்ந்தார்.

"யோவ், எங்கய்யா போற? அங்கயே இன்னொரு தடவ போடு."

"பின்னாடி ஆள் இருக்கும்மா."

"அந்த ஆளு நான்தான்யா. நான்தான் சொல்றேன், போடு."

"யார் சொன்னா என்ன நெட்டா? விதி விதிதான்."

நான் கரையேறி வழிவிட்டாலும் பயனில்லை. முன்பு ஒருமுறை அப்படிச் செய்தபோது அவரும் கரையேறி, "நீ முதல்ல போ" என்று அரை மணி நேரம் என்னோடு நின்றார். நான் நகர்ந்துகொண்டே போனால் அந்த மீன் என் ஈயைக் கவ்விவிடும். அதனால் முதுகைக் காட்டித் திரும்பி, நரம்பைப் பல்லால் கடித்து ஈயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தக் குளிரில் வெறும் நரம்பை வீசிக்கொண்டு பைத்தியம் மாதிரி அடி வைத்தேன். விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின.

ஆர்ச்சி மடுவை முடித்து, மேலே நடந்து, எனக்குப் பின்னால் இறங்கினார். மரத்தை நெருங்க அவருக்கு இன்னும் ஆறே அடி. அப்போது நரம்பைச் சுற்றிக்கொண்டு அவர் கரையேறி என்னிடம் வந்தார்.

"உன் நரம்புல ஈயே இல்ல, பாத்தியா? வீசினதெல்லாம் வீணு. கொண்டா." தன் ஈயை அவிழ்த்து, என் நரம்பில் கட்டினார். "மேல போய் முதல்லேர்ந்து வா. நான் உன் பின்னாடி வரேன்."

கெஞ்சினேன், திட்டினேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, நீ போகும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றார். போனேன். மரத்துக்கு நேரே மீன் கவ்வியது. பன்னிரண்டு பவுண்டு இருக்கும். வலையில் ஏந்தியது ஆர்ச்சி. சங்க வழக்கப்படி அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டபோது அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது.

குடிசையில் அவர் தூரிகையை எடுத்து என் பெயரை எழுதத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆர்ச்சி, ஈ அறுந்து போகல. நான்தான் எடுத்தேன்."

"தெரியும். காத்து அறுத்தா நுனி சுருண்டிருக்கும். உன்னுது பல்லால கடிச்சது."

"தெரிஞ்சுமா?"

"மேசைய ஆட்டாத, எழுத்து கோணிக்கும்."

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இந்தப் பிப்ரவரியில் அவர் கைத்தடியோடு வந்து அதே கல்லில் உட்கார்ந்தார். நான் மரத்துக்கு நேரே இரண்டாவது முறை வீசியதும் கரையிலிருந்து கத்தினார்.

"ஓரடி வெச்சுப் போம்மா, பின்னாடி ஆள் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அடி நகர்ந்தேன்.